நான்கு தந்திகளும் ஒரு தண்டும்

வயலினுக்கான கார்டு ஒன்றை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுர அடுக்கு ஒன்றை, கணினியில் எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குள் ஒரு சங்கடம் எழுகிறது. பழக்கத்தால் தீரும் சங்கடம் அல்ல அது. பழகப் பழகக் கனக்கிறது. மியூஸ்ஸ்கோர் போன்ற மென்பொருளில் ஒரு சுரத்தை இட்டு, அதன் தலைக்கு மேல் இன்னொன்றையும் அதற்கும் மேல் மற்றொன்றையும் அடுக்கினால், மூன்றும் ஒரே தண்டில் கோத்துக்கொள்கின்றன. தண்டு ஒன்றானால் கால அளவும் ஒன்றுதான். அடியில் இருக்கும் சுரம் ஒரு கிராச்செட் நேரம் நின்று விலகட்டும், மேலே இருப்பது அதன் இரு மடங்கான மினிம் அளவுக்குக் கார்வை கொள்ளட்டும் என்று விரும்பினால், அந்த அடுக்குக்குள் அதைச் சொல்ல வழியில்லை. அடியில் உள்ளதைப் பிரித்தெடுத்து இரண்டாவது குரலாக்க வேண்டும். முதல் குரலின் தண்டு மேல்நோக்கி நிற்கும், இரண்டாவதன் தண்டு கீழ்நோக்கி இறங்கும். தேர்ந்தெடுத்துப் பார்த்தால் ஒன்று நீலமாகவும் மற்றது பச்சையாகவும் தெரியும். இப்படி ஐந்து கோடுகளுக்குள் நான்கு குரல்கள் வரை உண்டு. ஆனால் இரண்டாவது குரல் பிறந்த உடனேயே, அந்த பாரின் மிச்ச நேரத்தை மென்பொருள் ரெஸ்ட் குறிகளால் நிரப்பிவிடுகிறது. நான் கேட்காத மௌனங்கள் அவை. ஒவ்வொன்றாக அழிக்கிறேன். அழித்த பிறகு பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அழிந்த ரெஸ்ட்டுகள் ஒரு கேள்வியை விட்டுச் செல்கின்றன. அடியில் இருந்த அந்தச் சுரம் கிராச்செட் முடிந்ததும் உண்மையிலேயே நின்றுபோயிற்றா? நின்றது என்றால் அதை நிறுத்தியது யார்?

வயலினின் குதிரை வளைந்தது. நான்கு தந்திகளும் அந்த வளைவின்மேல் அமர்ந்திருப்பதால்தான் வில் ஒன்றை மட்டும் தொட்டு மற்றவற்றைத் தொடாமல் போக முடிகிறது. கார்டுக்குத் தடையும் அதே வளைவுதான். அடுத்தடுத்த இரண்டு தந்திகளை வில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சேர்த்து இழுக்கும். மூன்றை, அழுத்தி இழுத்தால், ஒரு கணத்துக்கு. நான்கை ஒருசேர நிற்கவைக்க வழியே இல்லை. ஆகவே வாசிப்பவர் கார்டை உடைக்கிறார்: பெரும்பாலும் கீழ்த்தந்திகள் இரண்டையும் முதலில் தொட்டு, வில்லைச் சாய்த்து மேல்தந்திகளுக்கு ஏறி, அங்கே தங்குகிறார். வில் விட்டு வந்த தந்திகள் என்ன ஆகின்றன என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். விரல் படாத திறந்த தந்தியானால், அதுவும் தடித்த ஜி தந்தியானால், வில் போன பிறகும் அது அதிர்ந்துகொண்டே இருக்கும். விரல் அழுத்திய சுரம் அதைவிடச் சீக்கிரம் மங்கும். விரலையும் எடுத்துவிட்டால் அந்தக் கணமே செத்துப்போகும். கனத்த திரை தொங்கும் பதிவுக்கூடத்தில் அதன் ஆயுள் ஒன்று, கல்லால் கட்டிய தேவாலயத்தில் வேறொன்று. சுரத்தின் முடிவைத் தீர்மானிப்பவர்கள் இத்தனை பேர்: தந்தி, விரல், மரம், அறை. தாளில் எழுதிய கிராச்செட் அவர்களுக்குள் ஒரு குரல் மட்டுமே. திரையிலோ அது ஒன்றுதான் சட்டம்.

பாக் 1720 என்று தேதியிட்டுத் தன் கையாலேயே சுத்தப் பிரதி எடுத்துவைத்த தனி வயலின் ஆக்கங்கள் ஆறு. மூன்று சொனாட்டாக்கள், மூன்று பார்ட்டிட்டாக்கள். பக்கவாத்தியமாக பாஸ் கிடையாது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். அந்தப் பிரதி பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. அதன் படங்கள் எல்லாருக்கும் கிடைக்கின்றன. சுரங்களைச் சேர்த்துக்கட்டும் பட்டைகள் நேராக இல்லாமல் வளைந்து வளைந்து போகும் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னை நிறுத்திவைப்பவை அதன் கார்டுகள். எல்லாத் தலைகளையும் ஒரே தண்டில் கோத்துவிட்ட இடங்களும் உண்டு. ஆனால் குரல்கள் தனித்தனியே நடக்கும் ஃபியூக்களில் ஒரு கார்டுக்குள்ளேயே தண்டுகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. ஒரு தலை வெள்ளையாக இருக்க, பக்கத்தில் இன்னொன்று கறுப்பாக நிற்கிறது. சி மேஜர் சொனாட்டாவின் ஃபியூக் 354 பார் நீளம் கொண்டது. அதன் கருவாக்கியத்துக்கு எதிராக இன்னொரு குரல் மினிம் மினிமாக, அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழே இறங்குகிறது. இரண்டு குரல் மட்டும் இருக்கும்வரை வில் தாக்குப்பிடிக்கும். மூன்றாவது குரல் நுழைந்த பிறகு, பிடித்துவைக்க முடியாத மினிம்களையும் பாக் மினிம்களாகவே எழுதிக்கொண்டு போகிறார். வயலின் அறியாத ஒருவரின் கற்பனை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவர் தந்தை ஐசெனாக் நகர வாத்தியக்காரர், வயலின் வாசித்தவர். பாக் தானே 1714 முதல் வைமாரில் கான்செர்ட்மாஸ்டர். முதுமை நெருங்கும்வரை தந்தை வயலினைத் தெளிவாக வாசித்தார் என்று மகன் கார்ல் ஃபிலிப் இமானுவெல் பின்னாளில் ஃபோர்க்கெலுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். வில் எங்கே கைவிடும் என்று பாக்கின் கைக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நீளத்தை எழுதினார். ஏன்?

ஒரு பதில் ஏ மைனர் சொனாட்டாவின் ஆந்தாந்தேயில் இருக்கிறது. மேலே நீண்ட பாட்டு. அடியில் கிராச்செட்டில் பாதி நீளமுள்ள குவேவர்கள் ஏறக்குறைய தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராகத் துடிக்கின்றன. மேல்தந்தியை வில் விடவே கூடாது, கீழ்த்தந்தியை மட்டும் தொட்டுத் தொட்டு விலக வேண்டும். வலது மணிக்கட்டு மிகச் சிறிதாக உருள்வதும் மீள்வதுமாக இருக்கும். இங்கே ஒரே கார்டுக்குள் இரண்டு கால அளவு என்பது உடம்பு செய்ய வேண்டிய வேலை. இதை ஒரே தண்டில் எழுதினால், மேலே உள்ள கிராச்செட்டை இரண்டு குவேவராக உடைத்து, வளைகோட்டால் ஒட்டவைக்க வேண்டியிருக்கும். கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் பாட்டும் துடிப்பதாகக் கண் படித்துவிடும்; கண் படித்ததைக் கை செய்யும். நிற்கும் குரலையும் துடிக்கும் குரலையும் தனித்தனித் தண்டில் நிறுத்தும்போதுதான் அந்தப் பக்கம் எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்கிறது.

இன்னொரு பதிலுக்கு இடக்கையைப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு சுரங்கள் அடுக்கிய கார்டில் கீழே உள்ளது நீளமாக எழுதப்பட்டிருந்தால், அந்த நீளம் வில்லுக்குச் சொன்னது அல்ல. வில் போகட்டும், நீ போகாதே என்று விரலுக்குச் சொன்னது. வில் மேலே ஏறிய பிறகும் விரல் அழுத்தியபடி இருந்தால் அந்தச் சுரம் தன்னால் இயன்ற அளவு அதிர்ந்து அடங்கும். நல்ல ஆசிரியர்கள் மாணவர் விரலைத் தூக்கும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். போக, எந்தக் குரல் கடைசியில் தங்க வேண்டும் என்பதற்கும் அந்த வேறுபாடு ஒன்றே அடையாளம். மேல் சுரம் நீண்டு மற்றவை குறுகியிருந்தால், தொட்டுவிட்டு மேலேறு. கீழ்ச்சுரம் நீண்டு மேலே உள்ளவை குறுகியிருந்தால், ஏறிய வில் மறுபடி கீழே வர வேண்டும், அல்லது கார்டையே மேலிருந்து கீழாக உடைக்க வேண்டும். ஏனென்றால் கருவாக்கியம் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது. இந்த முடிவை எடுக்க வாசிப்பவருக்குத் தாளில் வேறு உதவி கிடையாது. நான்கையும் ஒரே தண்டில், ஒரே நீளத்தில் கோத்துவிட்டால் அவருக்கு ஒலி கிடைக்கும், வழி கிடைக்காது.

இந்த நீளங்களைச் சொல்லுக்குச் சொல் நம்பியவர்களும் இருந்தார்கள். 1904இல் அர்னால்ட் ஷேரிங் என்ற ஜெர்மன் ஆய்வாளர், பாக் காலத்தோடு மறைந்துபோன மரபுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு விளக்கம் வைத்தார். அந்தக் காலத்து ஜெர்மன் வயலின்காரர்கள் வில்லின் ரோமத்தைக் கட்டைவிரலால் இறுக்கவும் தளர்த்தவும் செய்தார்கள், ஆகவே தளர்ந்த ரோமம் குதிரையின் வளைவோடு வளைந்து பல தந்திகளைச் சேர்ந்தாற்போல் ஒலிக்கச் செய்தது என்பது அதன் சாரம். பாக்கின் ஆர்கன் இசையில் வாழ்நாள் முழுதும் ஈடுபாடு கொண்ட ஆல்பர்ட் ஷ்வைட்சர் அதைப் பிடித்துக்கொண்டார். முதிய வயதிலும் விடவில்லை. 1954இல் டென்மார்க்கில் க்னுத் வெஸ்டர்கோர் அப்படியொரு வில்லைச் செய்தே காட்டினார். வேகா வில் என்று பெயர். கட்டை உயரமாக வளைந்திருக்கும். கட்டைவிரலுக்கு ஒரு நெம்புகோல் உண்டு. வயலின் கலைஞர் எமில் டெல்மான்யி அந்த வில்லைக்கொண்டு ஆறு ஆக்கங்களையும் முழுமையாகப் பதிவுசெய்தார். பாக் வாழ்ந்த காலத்திலிருந்து அப்படிப்பட்ட வில் எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. அன்றைய வில்கள் இலேசாக வெளிப்பக்கம் வளைந்தவை, அவ்வளவுதான். வரலாற்றுத் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே போயிற்று. ஆனாலும் அந்தப் பதிவை நான் பொறுமையாகக் கேட்கச் சொல்வேன். எழுதியதை எழுதியபடியே கேட்டால் எப்படி இருக்கும் என்று அறிய அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. நான்கு சுரங்களும் சேர்ந்து எழும்புகின்றன, சேர்ந்தே நிற்கின்றன, சேர்ந்தே முடிகின்றன. முதலில் வியப்பு வருகிறது. பார்ட்டிட்டா ஒன்றின் பகுதியான சாக்கோன் பாதியைத் தொடும்போது சோர்வு வருகிறது. யாரும் பின்வாங்காததால் யாரும் முன்னே வர முடிவதில்லை. குரல்கள் கலந்து ஹார்மோனியத்தின் இரைச்சலாகிவிடுகின்றன. அடுத்து, 1903இல் எழுபதைத் தாண்டிய வயலின் கலைஞர் யோசஃப் யோவாக்கிம் பதிவுசெய்த ஜி மைனர் அடாஜியோவைக் கேளுங்கள். கீறலும் இரைச்சலும் நிறைந்த பதிவு. கீழ்ச்சுரங்கள் வருகின்றன, போகின்றன. போன பிறகும் அவை அங்கே இருப்பதாகவே காது வைத்துக்கொள்கிறது. பாக் எழுதிய நீளத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது கேட்பவரின் நினைவு என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

திரையில் பிளே பொத்தானை அழுத்தினால் எனக்குக் கேட்பது டெல்மான்யியின் வில். மென்பொருள் எழுதிய அளவை எழுதியபடியே நிறைவேற்றுகிறது: மினிம் என்றால் மினிம் முழுவதும், நான்கு தந்தியானாலும், நாற்பதானாலும். தோற்றுப்போனது என்று ஏடுகள் சொல்லும் அந்த வில் எங்கள் எல்லாருடைய கணினிக்குள்ளும் குடியேறியிருக்கிறது. இதன் வேர், மின்னணு வாத்தியங்களும் கணினியும் பேசிக்கொள்வதற்காக 1983இல் வந்த மிடி ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதில் கார்டு என்ற ஒன்றே கிடையாது. சுரம் தொடங்குகிறது, சுரம் முடிகிறது என்ற இரண்டு செய்திகள்தான். கட்டையை அழுத்தும் விரல், கட்டையை விடும் விரல் என்ற கீபோர்டின் உலகம் அது. தந்திக்கு அப்படியொரு முடிவு இல்லை. தந்தி விடப்படுகிறது, பிறகு தன்போக்கில் அடங்குகிறது. இந்தப் பொருத்தமின்மை வெறும் ஒலிபெருக்கியோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அது தாளுக்குள் வருவதுதான் என் கவலை. பிளே பொத்தானில் கேட்ட ஆர்கன் ஒலி பிடிக்காமல், வயலின்போல் கேட்கட்டும் என்று கீழ்ச்சுரங்களைக் கத்தரிக்கிறார்கள். மினிம் கிராச்செட்டாகிறது, கிராச்செட் குவேவராகிறது, மிச்ச இடத்தில் ரெஸ்ட் வருகிறது. அப்படி வெட்டிய பக்கங்கள் நிறையச் சுற்றுகின்றன. என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. கேட்க இனிமையாகவே இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தை வைத்துப் பயிலும் பிள்ளை என்ன செய்யும்? குவேவர் முடிந்தது, ரெஸ்ட் வந்தது என்று விரலைத் தூக்கும். தந்தி அந்த இடத்திலேயே செத்துப்போகும். கணினியில் வயலின்போல் கேட்பதற்காகச் செய்த திருத்தம், வயலினில் வயலின்போல் கேட்க முடியாமல் செய்துவிடுகிறது.

நீளத்தையே எழுதாத ஒரு வழியும் இருந்தது. லூட் வாத்தியத்தின் ஏடுகளில் எந்தத் தந்தியில் எந்த மெட்டில் விரல் வைப்பது என்று எழுத்துகள் இருக்கும். அடுத்த தொடுதல் எப்போது என்பதை மேலே ஒரு கொடி சொல்லும். தொட்ட சுரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற பேச்சே கிடையாது. சில ஏடுகளில் விரலை விடாதே என்பதற்கு ஒரு சாய்கோடு மட்டும் உண்டு. பாக்கின் ஜி மைனர் லூட் சூட், ஐந்தாம் செல்லோ சூட்டிலிருந்து அவரே மாற்றி எழுதியது, இரண்டு விதமாக நமக்குக் கிடைத்திருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் அவர் கையால் ஐந்து கோட்டில் எழுதிய பிரதி. லைப்ஸிக்கில் வேறொருவர் லூட்காரர்களுக்கு எழுதிய விரல்குறிப்பு ஏடு. முதலாவதில் குரல்கள் இருக்கின்றன, இரண்டாவதில் கை இருக்கிறது. நம் வீணையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஷேரிங் கட்டுரை எழுதிய அதே 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சேறியது. கமகம் ஒவ்வொன்றுக்கும் குறி வகுத்துக்கொண்ட நூல் அது. ஆனால் வீணையின் பக்கத்தில் ஓடும் மூன்று தாளத் தந்திகள் மீட்டிய பின் எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்று நம் சுரத்தாள் எதுவும் சொன்னதில்லை. கார்வை எழுதப்படுவது பாடும் சுரத்துக்கு மட்டும். வீணைக்காரருக்கு அது குறையாகவும் பட்டதில்லை.

ஐந்து கோட்டு எழுத்தைத் தேர்ந்துகொண்ட பிறகு நமக்கு அந்த நிம்மதி இல்லை. ஒவ்வொரு தலைக்கும் ஒரு நீளம் கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் சில அங்குல இடத்துக்குள். மினிமின் தலை வெள்ளை, கிராச்செட்டின் தலை கறுப்பு. இரண்டு குரல்களும் ஒரே சுரத்தில் சந்தித்தால் தலையைப் பகிர்ந்துகொள்ள முடியாது. ஒன்று விலகி நிற்க வேண்டும். கிராச்செட்டும் குவேவரும் சந்தித்தால் ஒரே கறுப்புத் தலைக்கு மேலே ஒரு தண்டும் கீழே ஒரு தண்டும் போதும். லில்லிபாண்ட் என்ற மென்பொருளில் வேறு வேறு தலைகளை ஒன்றாக்க ஒரு கட்டளை உண்டு. அது மினிமையும் குவேவரையும் இணைத்துவைக்கும், மினிமையும் கிராச்செட்டையும் இணைக்க மறுத்துவிடும். இணைத்தால் எது எது என்று கண்ணுக்குத் தெரியாது என்பதே காரணம். அந்த மறுப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. வாசிப்பவரின் கண்ணை நினைத்து எழுதிய கட்டளை அது. சிலர் இந்தத் தொல்லைகளைச் சுற்றிப்போக, கீழ்ச்சுரங்களைச் சிறிய கிரேஸ் நோட்டுகளாக முன்னால் ஒட்டிவிடுகிறார்கள். நான் அதைச் செய்வதில்லை. எழுத்தைவிட அது அதிகம் பேசிவிடுகிறது: கார்டு தாளத்துக்கு முன்பே உடைய வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறது. கீழ்ச்சுரம் தாளத்தின்மேல் விழ வேண்டுமா, மேல்சுரமா என்பதை வாசிப்பவர் ஒவ்வொரு இடத்திலும் நினைத்துப் பார்க்கட்டும் என்று பாக் விட்டுவைத்திருந்தார். சாக்கோனில் ஒரு நீண்ட கட்டத்தில் கார்டுகளை மட்டும் அடுக்கி வைத்துவிட்டு, அர்பெஜ்ஜோ என்ற ஒரு சொல்லோடு விலகிக்கொள்கிறார். அங்கே எழுதிய நீளம் எந்தத் தனிச் சுரத்துக்கும் உரியது அல்ல, அந்தக் கார்டு ஆட்சி செய்யும் காலத்துக்கு உரியது.

மென்பொருள்களுக்கு இடையே இசையைக் கொண்டுபோகும் பொது வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல் 2004இல் வந்தது. அதன் விதிகளில் கார்டைப் பற்றிய இடத்தில் சின்னதாக ஒரு சலுகை இருக்கிறது. கார்டின் முதல் சுரத்தைவிட மற்றவை நீளக் கூடாது. பொதுவாக எல்லாம் சம அளவில் இருக்கும். ஆனால் குறுகலாம், தந்தி வாத்தியங்களில் பல தந்திகளைச் சேர்த்து வாசிக்கும்போது நேர்வதுபோல. கணினிக்காக எழுதிய ஒரு விதிநூலில் குதிரையின் வளைவை யாரோ நினைத்திருக்கிறார்கள் என்று அதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. ஆனால் அந்தச் சலுகை ஒரு பக்கம் மட்டுமே பார்க்கிறது. வில் விட்டதால் குறுகியதை அது அறியும். விரல் விடாததால் நீண்டதை அறியாது. 2024 ஆகஸ்டில் ஃபினாலே என்ற மென்பொருளின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்த பிறகு, முப்பத்தைந்து ஆண்டுகளாக அதில் எழுதிச் சேர்த்தவர்கள் பலர் இந்த வடிவத்தின் வழியாகத்தான் தங்கள் பக்கங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சாமான் ஏற்றும்போது பெரிய பெட்டிகள் பத்திரமாகப் போய்ச் சேரும்; சின்னச் சின்னவைதான் வழியில் தொலையும். எந்தத் தலை எந்தக் குரலுக்குச் சொந்தம் என்பது அப்படிப்பட்ட சின்ன விஷயம்.

எனக்கு இதில் முழுத் தெளிவு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தாள் யாருக்காக என்ற கேள்வி தீரவில்லை. கண்ணுக்கா, வலக்கைக்கா, இடக்கைக்கா, குரல்களின் போக்கைத் தொடர விரும்பும் மனதுக்கா? ஒரே குறி இத்தனை பேருக்கும் உண்மையாக இருக்க முடியுமா? இன்று எழுதும் ஓர் இசையமைப்பாளர், வில் எங்கே தூக்கப்படுகிறது என்பதையே துல்லியமாகக் குறிக்க விரும்பினால் அவருக்கு ரெஸ்ட் வேண்டும், நான் குறுக்கே நிற்க முடியாது. அவர் காலத்து எழுத்துக்கு அவர் பொறுப்பு. பழைய எழுத்தைப் படியெடுக்கும் நமக்கு அந்த உரிமை இல்லை. 1843இல் லைப்ஸிக் கன்சர்வேட்டரி மாணவர்களுக்காக இந்த ஆறு ஆக்கங்களைப் பதிப்பித்த ஃபெர்டினாண்ட் டேவிட், தன் வில்குறிகளையும் விரல்குறிகளையும் திருத்தங்களையும் ஒரு வரியில் போட்டார். தாமே முடிவெடுக்க விரும்புவோருக்காக மூலத்தைச் சிறிய எழுத்தில் கூடவே அச்சிட்டார். இரண்டு வரிகள், இரண்டு உண்மைகள், ஒன்று மற்றதை விழுங்கவில்லை. உலோகத் தகட்டில் செதுக்கிய காலத்தில் அதற்கு எவ்வளவு உழைப்பும் செலவும் ஆகியிருக்கும்! நமக்கு ஒரு வரியைக் கூட்ட ஒரு நொடி போதும்.

ஆகவே இந்த வேலையில் இருப்பவர்களிடம் கேட்பது இதுதான். தந்தி வாத்தியக் கார்டுக்குள் கால அளவுகள் வேறுபட்டால், சோம்பாமல் குரல்களைப் பிரியுங்கள். ஒரே தண்டில் கோத்து முடித்துவிடாதீர்கள். பிரித்தபின் முளைக்கும் ரெஸ்ட்டுகளை அழித்துவிடுங்கள். மூலத்தில் இல்லாத மௌனத்தை வாசிப்பவர்முன் வைக்காதீர்கள். நீண்டதை நீளமாகவே விடுங்கள், எந்த வில்லாலும் அதைப் பிடித்துவைக்க முடியாது என்று தெரிந்தாலும். கணினியின் ஒலி உறுத்தினால் ஒலியைத் திருத்துங்கள்: டோரிக்கோ, ஃபினாலே போன்றவற்றில் எழுதிய அளவைத் தொடாமல் ஒலிக்கும் அளவை மட்டும் குறைக்க வழி இருக்கிறது. அதற்கும் நேரமில்லை என்றால் ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள், தாளில் கை வைக்காதீர்கள்.